கல்லறைத் தோட்டத்துல எதுக்கு இண்டர்லாக் கல்லு?

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வழக்கம்போல பாட்டி கல்லறையில புல்லு பறிச்சு, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சோம். கிளம்பும்போது சித்தப்பா சொன்னாரு: "அடுத்த வருசம் பாரு மக்கா, இந்தப் புன்னை மரத்தையெல்லாம் வெட்டிட்டு முழுக்க இண்டர்லாக் கல்லு போடப்போறோம். சருகு விழாது, பாம்பு வராது. ஜம்முனு இருக்கும்."

எனக்கு திக்குனு இருந்துச்சு.

ஸ்வீடன் நாட்டுல சிகுர்ட் லெவரன்ட்ஸ்னு ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார் (1885 - 1975). அவரும் குன்னார் அஸ்ப்லுண்டும் சேர்ந்து 1915-ல ஒரு போட்டியில ஜெயிச்சு வடிவமைச்சதுதான் ஸ்டாக்ஹோம் வனக் கல்லறைத் தோட்டம். பைன் மரங்களை வெட்டாம, அதுக்கு நடுவுலயே சின்னச் சின்னக் கல்லறைகள். அங்க ஒரு குன்று மேல எல்ம் மரத் தோப்பு இருக்கு. அதுக்கு ஏறுற படிகள் மேல போகப் போக உயரம் குறைஞ்சுக்கிட்டே போகும். துக்கத்தோட ஏறி வர்றவங்களுக்கு மூச்சு வாங்கக் கூடாதாம்! மனுசன் எவ்வளவு யோசிச்சிருக்கார் பாருங்க. 1994-ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. நம்ம மாதிரியே அவங்களும் நவம்பர் தொடக்கத்துல அங்க வந்து மெழுகுவர்த்தி ஏத்துறாங்க.

எண்பது வயசை ஒட்டி அவர் கிளிப்பான்ங்கற ஊர்ல கட்டின புனித பேதுரு ஆலயம் இன்னும் அதிசயம். சுவர், தரை, கூரை எல்லாமே செங்கல்தான், பூச்சே கிடையாது. ஒரு செங்கலைக்கூட உடைக்கக் கூடாதுன்னு கொத்தனார்கள்கிட்ட கறாரா சொல்லிட்டார். உள்ள அரை இருட்டு. ஞானஸ்நானத் தொட்டியா ஒரு பெரிய சிப்பி, அதுலேருந்து தண்ணி சொட்டுற சத்தம். அவ்வளவுதான் அலங்காரம்.

"அது ஸ்வீடன், பணக்கார நாடு"ன்னு சொல்வீங்க. சரி, ஸ்ரீகார்யம் வரைக்கும் வாங்க. நாகர்கோவில்லேருந்து டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போற நம்ம பயலுக எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அங்க லயோலா வளாகத்துல லாரி பேக்கர் 1970 வாக்குல கட்டின சிற்றாலயம் இருக்கு. அதுவும் பூசாத செங்கல்தான். சுவர்ல ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டியிருக்கிறதால வெளிச்சமும் காத்தும் தானா உள்ள வரும். கையில இருந்த கொஞ்சப் பணத்துல கட்டினது. உள்ள போய் உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம்ம புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கே போங்க. 1741 குளச்சல் போர்ல தோத்து, மார்த்தாண்ட வர்மாவோட படைத்தளபதியான டிலனாய், 1777-ல செத்து அங்கேதான் அடக்கமாகியிருக்கார். அந்தச் சிற்றாலயத்துக்குக் கூரை இல்ல, சுவர் மட்டும்தான். கல்லறைக்கு மேல வானம். சுத்தி மரங்கள். அங்க போய் நின்னா யாரும் சொல்லாமலே குரல் தாழ்ந்துரும். பளிங்கும் கிரானைட்டும் செய்யாத வேலையை அந்த அமைதி செய்யுது.

சித்தப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு பருவமழையும் பெய்யும். சேத்துல வயசானவங்க வழுக்கி விழுறாங்க. அதுக்கு வாசல்லேருந்து நடுச் சிலுவை வரைக்கும் ஒரே ஒரு பாதை போடுங்க, பெட்டி தூக்கிட்டு நாலு பேர் நடக்கற அகலத்துல. மிச்ச மண்ணை விட்ருங்க, மழைத்தண்ணி இறங்கட்டும். சருகை மாசம் ஒருதடவை இளைஞர் குழு கூட்டினா போதும். மிச்சமாகிற பணத்துல இன்னும் பத்து புன்னை நடலாமே!

கோயில் கட்ட ஆயிரம் கூட்டம் போடுறோம். கல்லறைத் தோட்டத்தைப் பத்திப் பேசுறது சுவர் இடியும்போது மட்டும்தான். நாம எல்லாரும் கடைசியாப் போய்ச் சேர்ற இடம் அது.

பாட்டியை அடக்கம் பண்ணின அன்னிக்கு உச்சி வெயில். அந்தப் புன்னை நிழல்லதான் எங்கம்மா உக்காந்து அழுதாங்க. இண்டர்லாக் கல்லு மேல அவங்களால உக்காந்திருக்க முடியுமா?

இதைத்தான் அடுத்த பங்குக் கூட்டத்துல எழுந்து கேக்கப் போறேன். சித்தப்பா கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.