“நிபுணர்கள் சொன்னார்கள்” என்றால் போதுமா? – தெமோதரையிலிருந்து ஒரு பார்வை

2025 நவம்பர் கடைசி வாரம். டித்வா புயலின் மழை ஊவா மலைகளில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. தெமோதரை பஸாரில் பாதி திறந்திருந்த ஒரு கடை வாசலில் ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நின்றோம். தோட்டத்து லயனில் இருந்து இறங்கி வந்த ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். “நானா, மலை வெடிச்சு உள்ளுக்குத் தண்ணி ஓடுதாம், இதுல போட்டிருக்கு. உண்மையா? புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எறங்கிறவா?”

படத்தில் இருந்தது எங்கள் மலையே இல்லை. வீட்டுக் கூரைகளைப் பார்த்தாலே வேறு நாடு என்று தெரிந்தது. “இது பொய்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மழையோடு மேலே ஏறிப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. படம் பொய் என்று சொன்னேனே தவிர, அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவருடைய லயனுக்கு மேலே உள்ள சரிவு நிற்குமா, இறங்குமா? எனக்குத் தெரியாது.

அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மழை விட்டதும் எங்கள் ஊரில் எல்லோரும் விஞ்ஞானிகளானோம். செயற்கை மழை என்றார் ஒருவர். உமா ஓயா சுரங்கம்தான் மலையைத் தின்கிறது என்றார் இன்னொருவர். செயற்கை நுண்ணறிவு இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்னரே சொல்லியிருக்கும் என்றார் ஏ.எல். எழுதிவிட்டு நிற்கும் ஒரு தம்பி. “அதெல்லாம் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன தெரியும்” என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கடைசிப் பேச்சுத்தான். ஏனென்றால் இந்த மாகாணத்திலும், இந்தச் சமூகத்திலும், அந்தப் பேச்சுக்கு நாம் ஏற்கனவே விலை கொடுத்திருக்கிறோம். இரண்டு தடவையும் விடயம் நிலத்தடி நீர்தான்.

உமா ஓயாவின் நீரைச் சுரங்கம் வழியாக மலைக்கு அடியால் கொண்டுபோய், 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாப் பக்கம் விடும் திட்டம் அது. ஈரானிய நிறுவனம் கட்டியது. 2008இல் அஹ்மதிநெஜாத் தொடங்கிவைத்தார், 2024 ஏப்ரலில் ரயீசி திறந்துவைத்தார். இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான் எங்கள் கதை. 2014 டிசம்பரில், துளையிட்டுக்கொண்டிருந்த சுரங்கத்துக்குள் மலையின் நீர் பீறிட்டு வந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகள் இறங்கின, ஊற்றுகள் நின்றன, பீலிகள் காய்ந்தன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஆய்வு செய்துதான் திட்டம் தொடங்கினார்கள் என்று சொல்லப்பட்டது. வாளியை இறக்கிப் பார்த்த பெண்களுக்கு உண்மை வேறாக இருந்தது. 2017 ஜூனில் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கிய பிறகுதான் அவர்களுடைய வாளியும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்தது 2020. கொவிட்டால் வபாத்தானவரை அடக்கினால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே வழிகாட்டியிருந்தது. ஆனாலும் ஏப்ரலில் எரிப்பு கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. எந்தக் கிணற்றில், எந்த மையவாடிக்குப் பக்கத்தில் அளந்தீர்கள் என்று கேட்டதற்கு பதில் இல்லை. ஹொங்கொங்கில் பணியாற்றும் நம் நாட்டு வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸ் இது நீரால் பரவும் நோய் இல்லை என்றார். சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் ஆண்டு திரும்பும் வேளையில் அடக்கம் செய்யலாம் என்றன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தபோது, பாதுகாப்பான அடக்கத்தால் நீர் மாசடைவதாக ஆய்வில் காணப்படவில்லை என்பதும் வெளிவந்தது. அப்போதாவது அளந்தார்களே.

இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து விஞ்ஞானமே சதி என்று பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஜனாஸாக்களுக்காகப் பேசியதும் விஞ்ஞானிகள்தான். அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒரு கதை கிளப்பி நம் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக்கட்டி. அந்தக் கதையால் அடிபட்ட நாமே, 2021இல் தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற செய்தியைக் குடும்பத்துக்குக் குடும்பம் அனுப்பினோம். எனக்கும் வந்தது, என் உறவினரிடமிருந்தே. செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை நாம் அதிகம் நினைவூட்டுவது அடுத்தவருக்குத்தான்.

மழைக்கு வருகிறேன். மண்சரிவு எச்சரிக்கை மந்திரம் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்துத்தான் அதைப் படிப்படியாகக் கூட்டுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் மஞ்சள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், சிவப்பு, வெளியேற வேண்டும். இந்த நான்கு இலக்கங்கள் தெரிந்திருந்தால் அன்று கடை வாசலில் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். டித்வா நாட்களில் பல எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை என்ற குறை பரவலாக எழுந்தது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மலையடிவார மக்களுக்கு அது மொழிப் பிரச்சினையோடு முடிகிற விடயமில்லை.

எச்சரிக்கை வந்தாலும் போதாது என்பதை இதே மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பார்த்தோம். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. லயன்கள் அதே இடத்தில்தான் இருந்தன. விஞ்ஞானம் சரியாகவே சொல்லியிருந்தது, போவதற்கு ஒரு துண்டுக் காணியைத்தான் யாரும் காட்டவில்லை.

ஜனவரியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மழைமானி செய்தோம். நேரான பக்கங்கள் உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வைத்து, அடியில் சிறு கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்தோம். பக்கத்தில் பாடசாலை அடிமட்டம் ஒட்டியிருக்கிறது. காற்றில் கவிழாமல் கட்டி, கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வைத்தோம். திணைக்களத்தின் கருவிக்கு ஈடாகாது. ஆனால் 40க்கும் 140க்கும் வித்தியாசம் காட்டும். தினமும் சுபஹுக்குப் பிறகு ஒருவர் பார்க்கிறார், அடைமழை என்றால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அன்று போனை நீட்டிய சகோதரருக்கு நான் இலக்கத்தை அனுப்புகிறேன்.

நேற்று 12 மில்லிமீற்றர். “சரி நானா” என்று பதில் போட்டவர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டிருந்தார். 150 வந்தா நாங்க எல்லாரும் எங்க வந்து நிக்கிறது? பள்ளிவாசல் நிருவாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அதைக் கேட்டிருக்கிறேன்.