போலி விடைகளும் கணக்கெடுப்பும்

நேரில் காணாமலே மக்களிடமிருந்து விவரம் திரட்ட இணையம் வழி செய்திருக்கிறது. ஆயின், விடையளிப்போருக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்தவுடன், ஒருவரே பல பெயர்களில் படிவம் நிரப்புவதும், கணிப்பொறி நிரல்களே மனிதரைப் போல் விடையளிப்பதும் நிகழ்கின்றன.

இத்தொல்லை முற்றிலும் புதியதன்று. 1937-இல் வங்காளத்தில் சணல் சாகுபடியை மதிப்பிடத் தொடங்கிய பேராசிரியர் மகலனோபிஸ், ஒரே பகுதிக்குத் தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு பணியாளரிடம் ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பிழை காணும் முறையைக் கையாண்டார். ஒரு விடையை மற்றொன்றால் சோதிக்கும் அந்நெறி இன்றும் பொருந்தும்.

கோலார் தங்க வயலையும் பேத்தமங்களாவையும் சேர்ந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளரின் உடல்நலம் பற்றி இணையவழிக் கணக்கெடுப்பு ஒன்று நடைபெறுவதாகக் கொள்வோம். அங்குச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. வயது 30 என்றும், சுரங்கத்தில் 10 ஆண்டு உழைத்ததாகவும் கூறும் விடை தன் பொய்யைத் தானே காட்டிவிடும். ஆகவே வயதையும் பணிக்காலத்தையும் படிவத்தில் வெவ்வேறிடங்களில் வினவுதல் நலம்.

ஆனால், ஒரே கைப்பேசியிலிருந்து நான்கு விடைகள் வந்தன என்பதற்காக நான்கையும் தள்ளிவிடுதல் முறையன்று. ஒரு கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் இல்லங்கள் உண்டு. எழுத்தறியாத முதியவருக்காகப் பேரன் நிரப்பியிருக்கவும் கூடும். மெய்யான தொழிலாளி விலக்கப்பட்டால், அவருடைய நுரையீரல் நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு மருத்துவ வசதி கோருவதும் அரிது.

ஆதலின், விலக்கும் விதிகளை முன்னரே வகுத்தல் வேண்டும். ஐயத்துக்குரிய விடையைத் தொலைபேசியிலோ நேரிலோ உசாவித் தெளிதல் வேண்டும். எவரும் புகத்தக்க பொது அழைப்பினும், பதிவேட்டிலிருந்து தெரிந்தெடுத்த குடும்பங்களுக்கு உள்ளூர் ஆசிரியரும் களப்பணியாளரும் தனித்தனி அழைப்பு எண் வழங்குவதே மேலான காப்பாகும்.