முதல் வந்தது, மக்கள் போனார்கள்

அந்நிய முதலீடு வந்தால் ஊரில் ஆலை வரும், ஆலை வந்தால் பிழைக்க வெளியே போக வேண்டியதில்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் நாம். இந்தப் பேச்சை உரசிப் பார்க்கும் உரிமை மற்றவரைவிட நமக்கு அதிகம். இதை நம்பி நடந்த ஒரு சின்ன நாட்டின் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டுக்கு வடக்கே இருக்கிறது வட மாசிடோனியா. 1991 வரை யுகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. அந்த நாடு சிதறியதும் பழைய சந்தை போயிற்று. ஆலைகள் பல படுத்துவிட்டன. 2005-ல் வேலைக்கு நின்றவர்களில் 100-க்கு 37 பேர் சும்மா இருந்தார்கள்.

அரசு கதவை அகலத் திறந்தது. தலைநகர் ஸ்கோப்பியேவுக்கு அருகிலும் பிற ஊர்களிலும் தனி மண்டலங்கள் அமைத்தது. அங்கே ஆலை போடுகிறவருக்கு 10 ஆண்டு லாப வரி கிடையாது. தொழிலாளியின் சம்பளத்தின் மேலுள்ள வருமான வரியும் 10 ஆண்டுக்குத் தள்ளுபடி. நிலம் 99 ஆண்டுக் குத்தகை. போதாதென்று, எங்கள் நாட்டில் சம்பளம் குறைவு, வாருங்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் விளம்பரமும் செய்தது. தன் மக்களின் கூலி மலிவு என்பதையே ஓர் அரசு கடைச்சரக்காக்கியது!

வந்தார்கள். பிரிட்டனின் ஜான்சன் மாத்தே கம்பெனி கார்ப் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிக்கு ஆலை போட்டது. ஜெர்மன் கம்பெனிகள் கார்களுக்கு வயரிங் கட்டும் ஆலைகள் வைத்தன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. 2023-ல் வேலையில்லாதோர் 100-க்கு 13 என்ற அளவுக்கு இறங்கினார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் கருவிக்கு வேண்டிய பிளாட்டினம் போன்ற உலோகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வேலை முடிந்து வெளிநாட்டுக்கே போகின்றன. ஏற்றுமதிக் கணக்கில் பெரிய தொகை ஏறுகிறது. பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் எங்களுக்கு இது புதிதல்ல. லட்ச ரூபாய்ச் சரக்கு எங்கள் பிளாட்பாரத்தில் இறங்கி ஏறுகிறது. அதனால் போர்ட்டர் லட்சாதிபதி ஆகிவிட்டாரா? அவருக்குக் கிடைப்பது தூக்குகூலிதானே!

ஷ்டிப் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே உள்ளூர் முதலாளிகள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறார்கள். திருப்பூரில் ஜாப் ஒர்க் என்போமே, அதுதான். 2012-ல் அந்நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது துணி, தோல் தொழிலாளருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாக வைத்தார்கள். அந்தப் பாகுபாடு 2017-ல்தான் நீங்கியது. நீக்கியது மூலதனத்தின் கருணையா? இல்லை, சட்டம்!

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வெளியே போவது நின்றதா? 2002 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் 20 லட்சத்து 22 ஆயிரம். 2021-ல் 18 லட்சத்து 36 ஆயிரம். பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் பெருங்காரணம், பிள்ளைகள் ஜெர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் போனதே. வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்ததில் இப்படிப் போனவர்களின் பங்கும் உண்டு. சொந்த ஊரில் ஜெர்மன்காரனுக்கு வயர் கட்டுவதைவிட, ஜெர்மனிக்கே போய் அதிகச் சம்பளம் வாங்குவது மேல் என்று அவர்கள் நினைத்தால் யார் குற்றம் சொல்ல முடியும்?

அந்நிய முதலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பசித்தவனிடம் சோறு எந்த ஊர் அரிசி என்று கேட்பது மடமை. ஆனால் சலுகை கொடுக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். கச்சாப்பொருளில் எவ்வளவு உள்ளூரில் வாங்குவீர்கள்? சங்கம் வைக்க விடுவீர்களா? வரிச்சலுகை முடிந்த மறுநாளும் இங்கே இருப்பீர்களா? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை நாம் மறந்துவிடவில்லை.

ஆகவே தோழர்களே, இத்தனை ஆயிரம் கோடி வந்தது என்று இனி யாராவது மேடையில் சொன்னால், கைதட்டுமுன் ஒன்று கேளுங்கள். பிழைக்கப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள்?