முக்காட்டை நீக்கச் சொல்வது யார்?

கோட்டைப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் என்ற கடலோர ஊர்களானாலும் சரி, அறந்தாங்கி, அன்னவாசல், புதுக்கோட்டை நகரமானாலும் சரி, சபுராளி இல்லாத தெரு நமக்கு அரிது. மகன் சவூதியில், மருமகன் சிங்கப்பூரில், மச்சான் மலேசியாவில். இப்போது தாய்மார்கள் உம்ராவுக்குப் போகிறார்கள். மனைவிமார்கள் கணவரிடம் போகிறார்கள். பெண் பிள்ளைகள் மேல்படிப்புக்கும் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

இத்தனை பயணங்களும் தொடங்குவது இரண்டு விரற்கடை அகலமுள்ள ஒரு போட்டோவில்தான். அந்தப் போட்டோ எடுக்கும் இடத்தில்தான் நம் பெண்களின் மானத்தோடு விளையாடுகிறார்கள்.

"முக்காட்டை எடுத்துடுங்கம்மா. காதும் முடியும் தெரியலேன்னா விசா ரிஜெக்ட் ஆயிடும்!"

பல ஸ்டுடியோக்களில் இப்படிச் சொல்கிறார்கள். டிராவல்ஸ்காரர்களும் இதையே ஓதுகிறார்கள். பணம் கட்டியாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று என்ற பதற்றத்தில், அன்னிய ஆணின் கேமரா முன்னால் நம் சகோதரி முக்காட்டை இறக்குகிறாள். கூடப் போன கணவனோ அண்ணனோ வாய் மூடி நிற்கிறான்.

நாம் கேட்கிறோம்: இந்தச் சட்டத்தைப் போட்டது யார்? எந்தத் தூதரகம்? எந்த அரசாங்கம்? காட்டுங்கள் பார்ப்போம்!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு பாஸ்போர்ட் விதியையே எடுத்துக் கொள்வோம். தலையை மறைக்கக் கூடாது, மதக் காரணத்திற்காக அணிவதைத் தவிர என்கிறது அது. அப்படி அணிந்தாலும் தாடையின் அடியிலிருந்து நெற்றியின் மேற்பகுதி வரையும், முகத்தின் இரு ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். முடியைக் காட்டு என்று அதில் இல்லை. காதைக் காட்டு என்றும் இல்லை.

அமெரிக்கா? முஸ்லிம்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதாக நாம் அடிக்கடி குற்றம் சாட்டும் அதே அமெரிக்காவின் விசா விதியும் இதையேதான் சொல்கிறது. மத நம்பிக்கைக்காக அன்றாடம் அணியும் தலைத்துணி இருக்கலாம், முகம் முழுவதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது. பிரிட்டனும் மதக் காரணத்திற்கான தலைத்துணியை ஏற்கிறது. சிங்கப்பூரும் ஏற்கிறது.

பிறகு இந்தக் 'காது சட்டம்' எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அமெரிக்கக் குடியேற்றத் துறை, வலது காது தெரியும்படி முகத்தைச் சற்றுத் திருப்பி எடுத்த படத்தைக் கேட்டது உண்மை. 2004ல் அது கைவிடப்பட்டு நேர்முகப் படம் வந்துவிட்டது. அந்த விதி செத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இன்னும் அதற்கு ஜனாஸா தொழுகை நடக்கவில்லை!

ஆகவே முக்காட்டை நீக்கச் சொல்வது தூதரகம் அல்ல. இடைத்தரகரின் அறியாமை. அதைக் கேள்வி கேட்காத நம் கோழைத்தனம்.

நம்மவர்களும் கேட்கட்டும்

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. முகமே தெரியக் கூடாது, கண் மட்டும் தெரிந்தால் போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். சகோதரர்களே! நிர்பந்தமான நிலையில் தடை தளரும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. படம் எடுப்பதையே கடுமையாக எதிர்த்த ஆலிம்களும்கூட பாஸ்போர்ட் போன்ற அவசியத்திற்கு அனுமதி தந்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டிய பெண் நிகாப் அணியக் கூடாது என்பது நபிமொழி. கஅபாவின் முன்னால் முகம் திறந்து நிற்பவள், அந்தக் கஅபாவுக்குப் போகும் விசாவில் முகம் காட்டக் கூடாதா?

வாக்காளர் பட்டியலில் கோஷா பெண்களின் படம் இடம்பெறக் கூடாது என்று தமிழ்நாட்டு முஸ்லிம் ஒருவர் தொடுத்த வழக்கை 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2010ல் அங்கும் நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்கும் மனநிலையில் இல்லை. ஆளை அடையாளம் காண முகம் வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட நியாயம்.

எவ்வளவு வேடிக்கை பாருங்கள்! கிடைக்காத உரிமைக்காக உச்சநீதிமன்றம் வரை போனோம். கையில் இருக்கும் உரிமையை ஸ்டுடியோ வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம்!

சீக்கியர்களைப் பாருங்கள்

தலையைத் திறந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் நாடும் உண்டு. ஃபிரான்ஸ் தன் அடையாள ஆவணங்களுக்கு வெறுந்தலைப் படம்தான் வேண்டும் என்கிறது. அங்கே சீக்கியர்கள் என்ன செய்தார்கள்? டர்பனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்களா? ஷிங்காரா மான் சிங் என்பவர் ஓட்டுநர் உரிமத்திற்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றார். 2008ல் தோற்றார். ஓய்ந்துவிடவில்லை. ரஞ்சித் சிங் என்பவர் குடியிருப்பு அனுமதி அட்டைக்காக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 2011ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2013ல் மான் சிங்கின் பாஸ்போர்ட் விஷயத்திலும் ஃபிரான்ஸ் உரிமையை மீறியது என்று அதே குழு சொன்னது.

சட்டம் எதிராக இருந்த இடத்திலேயே ஒரு சிறிய சமுதாயம் இப்படிப் போராடியிருக்கிறது. சட்டம் சாதகமாக இருக்கும் இடத்தில் நாம் ஒரு கேள்வி கேட்கக்கூட நாக்கை அசைப்பதில்லை. வெட்கமாக இல்லையா?

இளைஞர்களே, வியாபாரிகளே!

ரிஜெக்ட் ஆவது முக்காட்டால் அல்ல. எதனால் ஆகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. 'பாஸ்போர்ட் சைஸ்' என்று உலகத்துக்கெல்லாம் ஒரே அளவு கிடையாது. அமெரிக்காவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் 35க்கு 45. மலேசியாவுக்கு 35க்கு 50. சரக்கு எடுக்க சீனாவுக்குப் போகிறீர்களா, 33க்கு 48. பழைய காப்பியை எல்லாவற்றுக்கும் ஒட்டினால் எப்படி ஏற்பார்கள்?

இரண்டாவது, மேக்கப் வேலை. வெள்ளையாக்குவது, தழும்பை அழிப்பது, தாடியைச் செதுக்குவது, பின்னணியைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது. இது கல்யாண ஆல்பம் அல்ல! உங்கள் முகத்தை இயந்திரம் அளந்து பார்க்கும் காலம் இது. வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் உள்ள நம் தூதரகங்களில் பாஸ்போர்ட் புதுப்பிப்போர் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் 630க்கு 810 பிக்சல் படம் தர வேண்டும் என்ற விதி 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கிறது. திருத்தப்பட்ட படம் அங்கும் செல்லாது.

மூன்றாவது, கண்ணாடி. அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பர் 1 முதல் பவர் கண்ணாடியும் கூடாது.

நான்காவது, வெள்ளை மேல் வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஜுப்பா, வெள்ளை துப்பட்டி அணிந்தால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அடர்ந்த நிறத்தில், பூ வேலை இல்லாத துணியை அணியுங்கள். பளபளக்கும் ஊசி வேண்டாம். நெற்றியும் தாடையின் அடியும் தெரியும்படி முக்காட்டைச் சரி செய்தால் போதும்.

இன்னொன்று. உள்நாட்டில் பெரியவர்கள் பாஸ்போர்ட் எடுக்க ஸ்டுடியோ படமே தேவையில்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அவர்களே எடுத்துக் கொள்கிறார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் படம் கொண்டு போக வேண்டும்.

அந்தப் படம் எங்கே போகிறது?

முக்காடு இல்லாமல் எடுத்த படம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் கிடக்கிறது. டிராவல்ஸ்காரரின் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. அங்கிருந்து எந்தக் கைக்குப் போகும்? 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி 'ஏலம்' போட்டார்களே, அந்தக் கயவர்களின் செயலிகளை மறந்துவிட்டீர்களா? படித்த, பிரபலமான பெண்களுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பெண்ணின் படத்திற்கு யார் காவல்?

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத் அலுவலகமும், நம் மக்கள் அதிகம் செல்லும் நாடுகளின் போட்டோ விதிகளை அந்தந்த அரசின் அறிவிப்பிலிருந்து எடுத்து, தமிழாக்கி, பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். விதி மாறினால் பலகையும் மாற வேண்டும்.

இரண்டு: முக்காட்டை எடு என்று சொன்னால், "எந்த நாட்டு விதி? காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் எழுந்து வாருங்கள். கவுண்டரில் அதிகாரி சொன்னால், பெண் ஊழியரையும் மறைப்பையும் கேளுங்கள். மறுத்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

மூன்று: கேமரா பிடிக்கத் தெரிந்த நம் பெண் பிள்ளைகளுக்கு ஊருக்கு ஒரு சிறு இடம் கொடுங்கள். பைத்துல்மாலிலிருந்து ஒரு கேமரா வாங்கித் தந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஓராயிரம் பெண்களின் கண்ணியமும் காக்கப்படும்.

நான்கு: டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே! உங்களில் பலர் தொழுகையாளிகள். உங்கள் வேலை சுலபமாக முடிவதற்காக அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் முக்காட்டைக் கேட்காதீர்கள். காரியம் முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். அது உங்களிடம் தரப்பட்ட அமானிதம். மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு.

சட்டம் நமக்குத் தந்ததைச் சட்டப்படி கேட்டு வாங்குவோம். கேட்கத் தெரியாத சமுதாயத்திற்கு எந்த அரசும் எதையும் வீடு தேடி வந்து தராது.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!