பாட்டிக் கணக்கின் பிழை

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலையூர்களில், பருவமடைந்த பெண்ணை உறவுக்குள் உடனே மணமுடிப்பதே அவளுக்குப் பாதுகாப்பு என்றும், பாட்டிமார் பதினைந்தில் பெற்று நலமாகவே வாழ்ந்தனர் என்றும் வாதிடப்படுகிறது.

முதலாவது, பிரசவத்தில் இறந்த சிறுமிகள் பாட்டிகளாகவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆபத்தே இல்லை என்பது என்ன கணக்கு?

இரண்டாவது, இடுப்பெலும்பு முழுதாக வளராத, இரத்தசோகையுள்ள உடலில் தாயின் வளர்ச்சியும் கருவின் வளர்ச்சியும் ஒரே உணவுக்குப் போட்டியிடுவதால், குறைப்பிரசவமும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறப்பதும் கூடுகின்றன. இரத்த அழுத்தம் ஏறி வரும் பேறுகால வலிப்பின் ஆபத்தும் இவ்வயதில் அதிகம்.

மூன்றாவது, பாதுகாப்பு யாரிடமிருந்து? 2025 மார்ச்சில், மணமுடித்து வைக்கப்பட்ட இப்பகுதியின் 14 வயதுச் சிறுமி போக மறுத்துக் கதறியபோதும் கணவன் தரப்பினர் அவளைத் தூக்கிச் சென்ற காணொலியை நாடே பார்த்தது.

இன்னொன்று. 18 வயது நிரம்பாத மனைவியுடனான உறவும் வன்புணர்வே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், போக்சோ வழக்குக்கு அஞ்சும் வீட்டார் கர்ப்பத்தைக் கிராமச் செவிலியரிடமிருந்து மறைக்கின்றனர். அரசின் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கோ 19 வயது நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பப் பதிவு எண்ணான ‘பிக்மி’ இல்லாவிடில், குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இழுபறியாகிறது.