“அமைக்கலாம்” போதாது!

வயதான தாய் தகப்பனைக் காப்பாற்ற நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 2007-ம் ஆண்டில் வந்த சட்டம். வசதி இருந்தும் பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள், மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் விசாரிப்பார். பெற்றவளைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை ஜெயில்கூட உண்டு.

நல்லது. ஆனால், பிள்ளையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளை இருந்தும், அவனே அரை வயிற்றுக் கஞ்சிக்குக் கூலி வேலை செய்கிறவன் என்றால்? அவன் மீது மனுப் போட்டு என்ன கிடைக்கும்!

இவர்களுக்காகத்தான் அதே சட்டத்தில் 19-வது பிரிவு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்கலாம். அதில் ஏழை முதியோர் 150 பேராவது தங்க இடம் இருக்க வேண்டும் என்கிறது.

கவனித்தீர்களா? “அமைக்கலாம்!” “அமைக்க வேண்டும்” என்று இல்லை. எந்த மாநில அரசாங்கமும் “பார்க்கலாம்” என்று சொல்லித் தள்ளிப்போட இந்த ஒரு சொல் போதும். எந்த மாவட்டத்தில் எத்தனை இல்லங்கள் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே கணக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்த பிரிவு ஆஸ்பத்திரி பற்றியது. முதியோருக்குத் தனி வரிசை வேண்டும், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் முதியோர் வைத்தியத்துக்குத் தனி வசதி வேண்டும் என்று அதில் கண்டிப்பாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் படுக்கை கொடுப்பதில் மட்டும் “கூடியவரை” என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது! முதியோர் வைத்தியம் நமக்குப் புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே இதற்குத் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராஜன்.

இல்லம் கட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. சோறும் பாயும் கொடுத்தால் போதுமா? இரவில் கழிப்பறைக்குப் போகிற பாட்டி, ஈரத் தரையில் வழுக்கி விழுகிறாள். இடுப்பு எலும்பு முறிகிறது. அதன் பிறகு பலர் எழுந்து நடப்பதே இல்லை. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, விடிய விடிய எரிகிற ஒரு விளக்கு. இவை இருந்தால் எத்தனையோ பேர் விழாமல் தப்புவார்கள். இதற்கு லட்சக்கணக்கில் செலவா ஆகிவிடும்?

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சர்க்கரை மாத்திரை யாருக்கு, ரத்த அழுத்த மாத்திரை யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்தவரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். இதையெல்லாம் செய்யப் பழகிய ஆள் இரவிலும் இருக்க வேண்டும். வாசலில் காவலாளி மட்டும் இருந்தால் போதாது.

2021 முதல் தமிழ்நாட்டில் “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதியோர் இல்லங்களுக்கும் அந்த ஊழியர்கள் தவறாமல் போகவேண்டும். மாதம் ஒருமுறையாவது டாக்டர் வந்து பார்க்கவேண்டும்.

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். இப்போது இன்னும் கூடியிருப்பார்கள். பாராளுமன்றம் 19-வது பிரிவில் உள்ள அந்தச் சொல்லைத் திருத்த வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், “நம் மாவட்டத்தில் 150 பேருக்கான இல்லம் எங்கே இருக்கிறது? இரவில் அங்கே நர்சு இருக்கிறாரா?” என்று நாமும் கேட்போம்.