முதல் நாள் மாணவராகச் செல்வோம்



இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்றே பாடம் நடத்திய எனக்குச் சென்ற ஆண்டு முதுகுவலி கண்டது. மருத்துவர் யோகப் பயிற்சியைப் பரிந்துரைத்தார். வீட்டருகே இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் பெயரைப் பதிந்தேன். 'நம் முன்னோர் கலைதானே, நமக்குத் தெரியாததா?' என்ற பெருமிதம் உள்ளூர இருந்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் யோகத்தின் எட்டு உறுப்புகளை விளக்கியிருப்பதை மேடையில் பேசியவன் அல்லவா நான்!

அந்தப் பெருமிதத்தோடு, காலையில் நாசி லெமாக்கை வயிறார உண்டுவிட்டு முதல் வகுப்பிற்குச் சென்றேன். படிவத்தில் 'உடல்நலக் குறை ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பதைச் சொல்ல வெட்கம். இடுப்பை உயர்த்தித் தலையைத் தாழ்த்தும் ஆசனத்தில், பக்கத்திலிருந்த இளைஞருக்கு ஈடாக நெடுநேரம் நின்றேன். நிமிர்ந்தபோது கண் இருண்டது. பயிற்றுநரான சீனப் பெண்மணி ஓடிவந்து தாங்கி அமர வைத்தார். "முன்பே சொல்லியிருந்தால் வேறு ஆசனம் தந்திருப்பேனே, அங்கிள்" என்றார். தலை குனிந்தேன்.

என் கருத்து இதுதான். முதல் வகுப்பிற்கான ஆயத்தம் விலையுயர்ந்த பாயோ புத்தாடையோ அன்று. நம் உடலைப் பற்றிய உண்மையைச் சொல்வதே. இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகுத் தட்டு விலகல், முழங்கால் வலி, கருவுற்றிருத்தல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவரையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று.

மற்றவை எளியவை. வயிறு நிறைய உண்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே பயிற்சி செய்க. குனிந்தால் விலகாத, இறுக்காத ஆடை போதும். பாயை நிலையத்தில் இரவல் தருவார்களா என்று கேட்டுக்கொள்க. கால் மணி நேரம் முன்னதாகச் சென்று, கைப்பேசியை அணைத்துவிட்டு, பயிற்றுநரும் பிறரும் கண்ணில் படும் நடுவரிசையில் அமர்க. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்ய வேண்டா. மூச்சு வாங்கினாலோ வலித்தாலோ பாலாசனத்தில் ஓய்வெடுக்கலாம். அது தோல்வி அன்று. இறுதியில் வரும் சவாசனத்தை விட்டு எழுந்து ஓடவும் கூடாது.

அன்று வீடு திரும்புகையில் என் வகுப்பு மாணவர்களே நினைவில் நின்றார்கள். கண் சரியாகத் தெரியாத பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது அதை மறைக்கும் பெற்றோர் உண்டு. பின்வரிசையில் அமரும் அந்தப் பிள்ளையை 'மந்தம்' என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். படிவத்தில் எழுதப்படாத ஒரு வரிக்கு அந்தப் பிள்ளை எத்தனை நாள் விலை கொடுக்கிறது! நான் கொடுத்தது அரைமணி நேர மயக்கம் மட்டுமே.

அடுத்த வாரம் படிவத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். சுவரில் கைவைத்துச் செய்யும் எளிய ஆசனம் எனக்கென்று கிடைத்தது. வகுப்பிலேயே பின்தங்கிய மாணவன் இன்றும் நான்தான். முதுகுவலி குறைந்திருக்கிறது, மெல்லக் கற்கும் பிள்ளைகளிடம் என் பொறுமையும் சற்றுக் கூடியிருக்கிறது.

நம் கலை என்னும் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆயினும், பயிற்சி நிலையத்தின் வாசலில் காலணியோடு அதனையும் கழற்றி வைத்துவிட்டு, முதல் நாள் மாணவராகச் செல்வோம்.